மறுபடியும் ஜட்டியில் போகிறான்: டயப்பரா, மணி பார்த்து உட்கார வைப்பதா, சும்மா விடுவதா?

இரண்டரை வயதில் கக்கூஸுக்குப் போக முழுசாகப் பழகிவிட்டான் என்று பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன். மூன்றேகால் வயதில், தங்கச்சி பிறந்த 18-ம் நாள், என் மகன் திண்ணையில் நின்றபடியே ஒண்ணுக்குப் போனான். மறுநாள் மூன்று தடவை. அந்த வாரம் முடிவதற்குள் ஆயும் ஜட்டியிலேயே.

நாங்கள் குடியிருப்பது திருப்பூரில். இரண்டாவது பிரசவத்துக்காகக் கோபிசெட்டிபாளையம் பக்கம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். எங்கள் பக்கம் இது வழக்கம்தான். தாய்வீட்டில் மூன்று மாதம், சில வீடுகளில் ஐந்து மாதம்கூட. தாய்க்கு அது ஓய்வு. மூத்த பிள்ளைக்கு என்ன ஆகிறது என்று அன்றுதான் உட்கார்ந்து யோசித்தேன். அப்பா சனிக்கிழமை ராத்திரி மட்டும் வருகிறார். வீடு வேறு, படுக்கை வேறு. கக்கூஸ் பொடக்காலியில், அதாவது கொல்லைப்புறத்தில், மாட்டுக் கொட்டகையைத் தாண்டி இருக்கிறது. திருப்பூரில் உட்கார்ந்து பழகிய வெஸ்டர்ன் இங்கே இல்லை. அம்மா மடியில் வேறொரு ஆள். இத்தனையும் ஒரே மாதத்தில் மாறினால் பெரியவர்களுக்கே வயிறு கெட்டுப்போகும்.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். "போவுது உடு அம்மிணி, தானா சரியாயிரும்" என்றார் அம்மா. மாமியார் போனில், "டயப்பரப் போட்டுடு கண்ணு, பச்ச ஒடம்புல குனிஞ்சு குனிஞ்சு தொடச்சிட்டுக் கெடக்காத" என்றார். பையனின் அப்புச்சி, அதாவது என் அப்பா, "ரெண்டு போடு போட்டா எல்லாம் சரியாப் போயிரும்" என்று துண்டை உதறினார். என் வீட்டுக்காரர் செல்போனில் எதையோ படித்துவிட்டு, ஸ்டார் ஒட்டுகிற அட்டை ஒன்றோடு அடுத்த சனிக்கிழமை வந்து இறங்கினார். கடைசியில் குழந்தைகள் டாக்டர் ஐந்தாவதாக, வயிற்றைச் சரிசெய்துவிட்டு மணி பார்த்து உட்கார வைக்கச் சொன்னார். அடியைத் தவிர மற்றதையெல்லாம் ஏதாவது ஒரு நாளில் நாங்கள் செய்து பார்த்திருக்கிறோம். எது எந்த வீட்டுக்குப் பொருந்தும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

(பிள்ளையைக் கக்கூஸுக்குப் பழக்குவதை இங்கிலீஷில் சொல்கிற மாதிரியே 'பாட்டி ட்ரெய்னிங்' என்று தமிழில் எழுதினால் பாட்டிக்குக் கொடுக்கும் பயிற்சி என்றுதான் யாரும் படிப்பார்கள். எங்கள் வீட்டில் அதுவும் தேவைப்பட்டது, பின்னால் வருகிறேன்.)

டாக்டர் முதலில் கேட்ட கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். "கடைசியா எப்போ ஆய் போனான், எப்படி இருந்துச்சு?" எனக்குத் தெரியவில்லை. ஒண்ணுக்குப் போன கணக்கை வரிசையாக ஒப்பித்தேன், ஆய்க் கணக்கு கையில் இல்லை. யோசித்துப் பார்த்தால் நான்கு நாள் இருக்கும். ஜட்டியில் வந்தது கொஞ்சம் கொஞ்சமாக, தண்ணியாக வந்திருந்தது. நான் வயிற்றுப்போக்கு என்று நினைத்து வாழைக்காயும் தயிர்சோறும் கொடுத்துக்கொண்டிருந்தேன். அது நேர் எதிர். மலச்சிக்கல்.

நடப்பது இதுதான். ஒரு தடவை கெட்டியாக வந்து வலிக்கிறது. குழந்தை அடுத்த தடவை பயந்து அடக்குகிறது. அடக்க அடக்கக் குடல் அதிலிருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும், மலம் இன்னும் இறுகும், பெரிதாகும், அடுத்த தடவை இன்னும் வலிக்கும். இப்படியே போனால் மலக்குடல் விரிந்துபோய், 'வருகிறது' என்ற உணர்வே மங்கிவிடுகிறது. அதன்பின் கெட்டியாக நிற்பதைச் சுற்றி இளகலாகக் கசிந்து ஜட்டியில் இறங்கும், குழந்தைக்கே தெரியாது. நிறைந்த மலக்குடல் பக்கத்திலிருக்கும் சிறுநீர்ப்பையை அழுத்துவதால் ஒண்ணுக்கும் அடிக்கடி வரும், அடக்க முடியாமல் நழுவும். ஆக, நாம் 'பிடிவாதம்', 'தங்கச்சி மேல பொறாமை' என்று பேர் வைப்பதில் பாதிக்கு வயிறுதான் காரணமாக இருக்கலாம்.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. வாரத்துக்கு 2 தடவையோ அதற்கும் குறைவாகவோ போவது, பெரிய உருண்டையாகவோ ஆட்டுப் புழுக்கை மாதிரியோ வருவது, கதவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு முகம் சிவக்க நிற்பது, காலைப் பின்னிக்கொண்டு நுனிக்காலில் எம்புவது. இந்தக் கடைசியைப் பார்த்து 'முக்குகிறான்' என்று நினைப்போம். பெரும்பாலும் முக்குவதில்லை, அடக்குகிறான்.

இது இருந்தால் மற்ற நான்கு வழிகளும் வீண். வலிக்கிற இடத்துக்கு எந்த ஸ்டாரும் பிள்ளையை இழுத்து வராது. டாக்டர் மலத்தை இளக்கும் மருந்து தருவார்; லாக்டுலோஸ் சிரப்போ, தண்ணீரில் கரைக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் பொடியோ. ஒரு வாரம் கொடுத்து நன்றாகப் போனதும் நிறுத்திவிடுகிற தப்பை நானும் செய்தேன், பத்தே நாளில் பழைய கதை. விரிந்த குடல் பழைய அளவுக்குச் சுருங்க நேரம் வேண்டும் என்பதால் குறைந்தது 2 மாதம், டாக்டர் சொல்கிறபடி மெதுவாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். 'மருந்துக்கு அடிமையாகிவிடுவான்' என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அப்படி ஆவதில்லை என்று டாக்டர் தெளிவாகவே சொன்னார்.

பாட்டிமார் கை வைத்தியத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் தொட்டு வைப்பது, சோப்புத் துண்டு வைப்பது. அன்றைக்கு வேலை நடந்துவிடும், சரி. ஆனால் ஏற்கெனவே அந்த இடத்தைப் பற்றிப் பயந்து கிடக்கிற பிள்ளைக்கு அது பயத்தை இரண்டு மடங்காக்கும். சோப்பு எரிச்சலும் கொடுக்கும். எங்கள் வீட்டில் பாட்டிக்குக் கொடுத்த முதல் பயிற்சி இதை நிறுத்தியதுதான். அதற்குப் பதிலாக அம்மாவிடம் சாப்பாட்டுப் பொறுப்பைக் கொடுத்தேன். தோட்டத்துப் பப்பாளி, கொய்யா, ஊறவைத்த உலர்திராட்சை, அரிசியும்பருப்பும் சாதத்தில் ஒரு கைப்பிடி கீரை, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். பாலைக் குறைக்கச் சொன்னதில்தான் சண்டை வந்தது. வீட்டிலேயே கறக்கிற மாடு இருக்கும்போது பேரனுக்குப் பால் குறைப்பதா! ஒரு நாளைக்கு 500 மில்லிக்கு மேல் போனால் வயிறு அதிலேயே நிறைந்து சோறும் காயும் உள்ளே போகாது, மலமும் இறுகும். அவன் முக்கால் லிட்டர் குடித்துக்கொண்டிருந்தான்.

வயிறு சரி என்று தெரிந்த பிறகுதான் மற்றவற்றை ஒப்பிடுவதில் அர்த்தம் இருக்கிறது.

டயப்பர் யோசனையை நான் முழுசாக ஒதுக்க மாட்டேன். சிசேரியன் தையலோடு தரையைத் துடைப்பவளுக்கு அதன் அருமை தெரியும். காசுக் கணக்குப் பார்த்தால், நான் வாங்கிய பெரிய சைஸ் ஒன்று 12 ரூபாய்க்கு வந்தது. நாளுக்கு 3 என்றால் மாதம் 1,080 ரூபாய். காசைவிடப் பெரிய நஷ்டம் வேறு. இப்போதைய டயப்பர் ஈரத்தை அப்படியே உறிஞ்சிவிடுகிறது, குழந்தைக்குப் போனதே தெரிவதில்லை. ஈரம் உறுத்தினால்தானே 'அடடா' என்று தோன்றும்? பகலில் முழுநேரம் மாட்டிய பத்து நாளில் என் மகன் சொல்வதையே நிறுத்திவிட்டான். திரும்பக் கழற்றியபோது முதலிலிருந்து தொடங்கிய மாதிரிதான் இருந்தது.

அதனால் டயப்பரை நான் இப்படிப் பிரித்துவைத்தேன்: ராத்திரிக்கு, கோபியிலிருந்து திருப்பூர் பஸ்ஸுக்கு, நோம்பி (திருவிழா) கூட்டத்துக்கு, நிஜமான வயிற்றுப்போக்கு நாளுக்கு. மற்ற நேரம் ஜட்டி. ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. சில பிள்ளைகள் ஆய் வந்தால் மட்டும் "டயப்பர் போடு" என்று கேட்கும், போடாவிட்டால் நாள்கணக்கில் அடக்கும். அந்தப் பிள்ளையோடு மல்லுக்கு நிற்கக் கூடாது. கேட்டதும் போட்டுவிடுங்கள், ஆனால் கக்கூஸுக்குள் நின்று போகட்டும். நாலைந்து நாள் கழித்து டயப்பரோடு உட்காரட்டும். அப்புறம் மெல்லக் கழற்றலாம். அடக்கி இறுகுவதைவிட டயப்பரில் போவது எவ்வளவோ மேல்.

'தானா சரியாயிரும்' என்கிற அம்மாவின் வழியைப் படித்தவர்கள் சோம்பேறித்தனம் என்று நினைக்கலாம். எனக்கு அதன்மேல் மரியாதை கூடிவிட்டது. புதுத் தம்பி தங்கச்சி, வீடு மாறுவது, காய்ச்சலில் கிடந்து எழுவது போன்ற காரணத்தால் வந்த நழுவல் பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே அடங்குகிறது. ஆனால் 'சும்மா விடுவது' என்றால் ஒன்றும் செய்யாமல் இருப்பதில்லை. முகத்தில் ஒன்றும் காட்டாமல், "நனைஞ்சிருச்சா, வா மாத்திக்கலாம்" என்று ஒரே வரி. அவனே ஜட்டியைக் கழற்றி வாளியில் போடட்டும், தண்டனையாக இல்லாமல் வேலையாக. அதற்கு மேல் பேச்சில்லை. இது சொல்வதற்கு எளிது. ஒன்பதாவது தடவை திண்ணையைக் கழுவும்போது அந்த ஒரு வரியை அதே குரலில் சொல்வதற்கு என் அம்மா மாதிரி ஒருத்தர் வேண்டும். வேலைக்குப் போகிற தாய், கைக்குழந்தையோடு தனியாக இருக்கும் தாய், இவர்களுக்கு இது மட்டும் போதாது. நான்காவது நாள் கத்திவிடுவோம்.

திருப்பூர்க்காரி என்பதால் ஒரு சௌகரியம். இந்த வழிக்கு நிறைய ஜட்டி வேண்டும். காதர்பேட்டை பனியன் மார்க்கெட்டில் ஒரு டஜன் பருத்தி ஜட்டி 360 ரூபாய்க்கு வாங்கினேன், அதாவது ஒரு மாத டயப்பரில் மூன்றில் ஒரு பங்கு. இறுக்கமான எலாஸ்டிக் வேண்டாம், ஜிப் வைத்த ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். அவசரத்தில் அவனே இழுத்து இறக்க முடிகிற நிக்கர்தான் நல்லது.

அடி, மிரட்டல், கேலி. இதை ஒப்பீட்டில் சேர்க்கவே எனக்கு மனசில்லை, ஆனால் எல்லா வீட்டிலும் இது நடப்பதால் சேர்க்கிறேன். என் அப்பா அடிக்கவில்லை. அவர் பேச்சு அவ்வளவுதான். நடந்தது வேறு. குழந்தை பார்க்க ஒரம்பரை (சொந்தக்காரர்கள்) வந்திருந்த அன்று யாரோ ஒருத்தர், "இத்தாப் பெரிய பையன், தங்கச்சிப் பாப்பாவே தேவலையாட்ட இருக்குது" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தோம், நானும்தான். அன்று சாயங்காலத்திலிருந்து அவன் கொட்டகைப் பக்கம் தீவனப் போருக்குப் பின்னால் போய் ஒளிந்து போக ஆரம்பித்தான். சொல்லாமல் போவது, ஒளிப்பது, அடக்குவது மூன்றும் வெட்கத்திலிருந்து வருகின்றன. மூன்றுமே மலச்சிக்கலில் கொண்டுபோய் விடுகின்றன. சூடு போடுவேன் என்று கரண்டியைக் காட்டுவது, நனைந்த துணியோடே நிற்க வைப்பது இவையெல்லாம் எந்த நிலைமையிலும் கூடாது. பாட்டிக்கு இரண்டாவது பயிற்சி, வந்தவர்கள் முன்னால் இந்தப் பேச்சை எடுப்பதில்லை என்பது. அம்மா அதை ஊருக்கே சட்டமாக்கிவிட்டார்.

ஸ்டார் அட்டை முதல் நான்கு நாள் பிரமாதமாக ஓடியது. ஐந்தாம் நாள் ஒன்றும் வராததால் ஸ்டார் கிடைக்கவில்லை, அட்டையைக் கிழித்துவிட்டான். தப்பு எங்கள் பேரில்தான். 'போனால் பரிசு' என்று வைத்தோம், போவதும் போகாததும் அவன் கையில் முழுசாக இல்லை. 'உட்கார்ந்தால் ஸ்டார்' என்று மாற்றியபின் ஓரளவு வேலை செய்தது. மிட்டாய் வேண்டாம் என்பது என் கருத்து, தடவைக்கு ஒரு சொட்டாகப் பிரித்துப் பத்துத் தடவை ஒண்ணுக்குப் போய்ப் பத்து மிட்டாய் கேட்கிற சாமர்த்தியம் இந்த வயதில் உண்டு. நான்கு வயதுக்கு மேற்பட்ட, கணக்குப் புரிகிற பிள்ளைக்கு ஸ்டார் பொருந்தும். மூன்று வயதுக்கு அது பெற்றோர் மனசைத் தேற்றத்தான்.

கடைசியில் எங்களுக்கு நிலைத்தது மணி பார்த்து உட்கார வைப்பது. இதற்குப் பின்னால் உடம்பின் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. சாப்பாடு வயிற்றில் இறங்கியதும் பெருங்குடல் அசையத் தொடங்கும். அதனால் சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் ஆய் வர வாய்ப்பு அதிகம். காலை இட்லிக்குப் பின், ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின், 5 நிமிஷம் உட்காருவது. வந்தாலும் சரி, வராவிட்டாலும் எழுந்து வந்துவிடலாம். பத்து நிமிஷத்துக்கு மேல் இழுத்தால் அது தண்டனை. ஒண்ணுக்கு, எழுந்ததும், சாப்பாட்டுக்கு முன், வெளியே கிளம்பும் முன், தூங்கும் முன், இடையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. "வருதா?" என்று கேட்காதீர்கள். எந்தப் பிள்ளையும் விளையாட்டை விட்டுவிட்டு "வருது" என்று சொல்லாது. "இது கக்கூஸ் நேரம், வா" என்றால் முடிந்தது. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை நச்சரிக்கிறவர்களும் உண்டு. அது தாங்காமலேயே சில பிள்ளைகள் முரண்டு பிடிக்கும்.

எங்கே உட்கார வைப்பது என்பது இதில் பாதி வேலை. வெஸ்டர்ன் சீட்டில் கால் அந்தரத்தில் தொங்கினால் குழந்தையால் அழுத்தம் கொடுக்க முடியாது, விழுந்துவிடுவோமோ என்று சீட்டைப் பிடித்துக்கொண்டே இருக்கும். மேலே சின்ன சீட்டு, காலுக்கடியில் ஒரு மணை. முழங்கால் இடுப்பைவிடக் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். இந்தியன் கக்கூஸில் குத்தவைக்கும் நிலை இயல்பாகவே சரியானது, ஆனால் குழிக்குள் விழுவோம் என்ற பயமும் இருட்டும் சேர்ந்துவிடும். அந்தக் காலத்தில் ஆத்தாமார் காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் கணுக்கால்மேல் உட்கார வைத்து, 'ஸ்ஸ்ஸ்' என்று சத்தம் கொடுப்பார்களே, அதில் பிடிமானம், சூடு, சரியான நிலை மூன்றும் இருந்தன. மூன்று வயதுப் பையனின் கனத்துக்கு அது ஆகாது. நான் குழந்தைகள் உட்கார்ந்து போகிற பிளாஸ்டிக் 'பாட்டி' சேர் ஒன்று வாங்கிப் பொடக்காலி வாசலில், வெளிச்சத்தில் வைத்தேன். தீர்ந்தது. ஃப்ளஷ் சத்தத்துக்குப் பயப்படும் பிள்ளை என்றால், பிள்ளை கக்கூஸைவிட்டு வெளியே வந்தபிறகு ஃப்ளஷை இழுங்கள்.

ப்ளே ஸ்கூல் தொடங்கியபின் நழுவினால், வீட்டில் மாற்றுவதற்கு முன் அங்கே பாருங்கள். பல பிள்ளைகள் பள்ளியில் முழுநேரமும் அடக்கி வைத்துவிட்டு வீட்டு வாசலில் வந்து விட்டுவிடும். மிஸ்ஸிடம், "ஸ்நாக்ஸுக்கு முன்னாடியும் கெளம்பும்போதும் கூட்டிட்டுப் போயிருங்க" என்று நேரத்தோடு சொல்லிவைத்தால் கேட்பார்கள். 'பாத்துக்கோங்க' என்று பொதுவாகச் சொன்னால் நடக்காது. பையில் இரண்டு செட் துணி. பெண் குழந்தை என்றால் முன்னாலிருந்து பின்னால் கழுவுகிறார்களா என்றும் கேளுங்கள்.

சரி, எங்கள் வீட்டுக் கணக்கு: இளக்கும் மருந்து, பால் குறைப்பு, சாப்பாட்டுக்குப் பின் 5 நிமிஷம், பேச்சில்லாத துடைப்பு. மூன்றாவது வாரத்தில் பகல் நழுவல் இரண்டு நாளுக்கு ஒன்றாகக் குறைந்தது. ஏழாவது வாரத்தில் நின்றது. அவனைத் தனியாக மடியில் வைத்துக்கொள்ள, பாப்பா தூங்கும்போது தினமும் அரை மணி நேரம் ஒதுக்கியதும் இதில் சேரும். எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. ஒன்றை மட்டும் செய்யச் சொன்னால் மருந்தையும் மணியையும்தான் சேர்த்து எடுப்பேன்.

சில அறிகுறிகளுக்கு இந்த ஒப்பீடெல்லாம் வேண்டாம், நேராக டாக்டர்தான். காய்ச்சலோடு, எரிச்சலோடு, அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போவது சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். திடீரென்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்து, நிறைய ஒண்ணுக்குப் போய், எடை குறைந்தால் அன்றைக்கே காட்டுங்கள். குழந்தைகளுக்கு வரும் சர்க்கரை நோய் இப்படித்தான் தலைகாட்டும். மலத்தில் ரத்தம், வயிறு உப்பி வாந்தி, நடையில் தடுமாற்றம் இவையும் அப்படியே. குறிப்பிட்ட ஒருவரிடம் போகப் பயந்து அலறுகிறது, அந்த இடத்தைத் தொடவிடவில்லை என்றால், அதைப் பிடிவாதம் என்று தள்ளிவிடாமல் தனியாக மெதுவாகக் கேளுங்கள். உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098 இருக்கிறது.

ராத்திரிப் படுக்கையில் போவது இதில் சேராது. அது பழக்கம் சம்பந்தப்பட்டதே இல்லை. தூக்கத்தில் சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோனும் சிறுநீர்ப்பையும் முதிரும் கணக்கு. ஐந்து வயதில்கூட நூற்றுக்குச் சுமார் 15 பிள்ளைகள் படுக்கையை நனைக்கின்றன. என் மகனுக்கு நாலு வயது ஆகப்போகிறது. மெத்தைக்கு மேல் ரப்பர் ஷீட், அதன்மேல் பழைய வேட்டி மடிப்பு. வாரத்துக்கு இரண்டு நாள் அந்த வேட்டி கொடியில் காய்கிறது.